ஊக்கச் சந்திப்பு

லவினியா ஒரு நாள் மட்டம் போட்டா. அன்னிக்குன்னு பார்த்துப் பள்ளிக்கூடமே லீவு. என் வேலை போனது அதனாலதான். யார்கிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க, அதனால முதல்லேர்ந்தே சொல்லிடறேன்.

என் பேரு லெசியெலி. பிறந்தது டோங்காங்கற தீவு நாட்டுல. இந்த வில்லோ பெண்டுங்கற ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. மர்ரே ஆத்தங்கரையில திராட்சை, பாதாம், ஈ, இந்த மூணும் ஏகத்துக்கும் விளையற ஊரு. பழம் பறிக்க வந்தவ, ராத்திரியெல்லாம் படிச்சு சமூகப் பணியாளர் ஆனேன். உயர்நிலைப் பள்ளியில எனக்கு ஒரு அறை, ஒரு கார், ஒரு பட்டியல் கொடுத்தாங்க. பட்டியல்ல இருக்கறதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைங்க. திட்டத்தோட பேரு 'மீண்டும் வகுப்புக்கு'.

திட்டத்தோட விதி ரொம்பச் சுலபம். ஒரு பருவத்துல வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழ போனா பிள்ளை பட்டியல்ல ஏறும். இன்னொரு பருவம் முழுக்க தொண்ணூறு எடுத்தா இறங்கும். இறங்கின பிள்ளையோட அஞ்சு நாளுக்குள்ள நான் எல்லாத் தொடர்பையும் நிறுத்திக்கணும். இல்லன்னா பிள்ளைக்கு 'சார்ந்திருக்கும் பழக்கம்' வந்துருமாம். ஊன்றுகோலை வச்சு ஒருத்தன் நடக்க ஆரம்பிச்சதும், அதான் நடக்கறியேன்னு ஊன்றுகோலைப் பிடுங்கிக்கிற புத்தி. இதை எழுதினவன் ஒரு நாள் கூட நொண்டியிருக்க மாட்டான்.

லவினியாவுக்குப் பதினாலு வயசு. வருகை நாப்பத்தொண்ணு சதவீதம். அவ கோப்பு என் கைக்கு வந்தப்போ அதுல நாலு பேரோட ஆராய்ச்சி இருந்துச்சு. ஒருத்தர் மனப்பதற்றம்னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர் யாரோ கேலி பண்றாங்கன்னு எழுதியிருந்தாரு. மூணாவது அம்மா, 'டோங்கா கலாசாரத்தில் கல்வியின் இடம்'னு ஒன்றரைப் பக்கம் போட்டுத் தாக்கியிருந்தா. நாலாவது ஆள் மனசுல என்ன சூடுன்னு தினமும் குறிச்சு வைக்க ஒரு வண்ண அட்டை கொடுத்திருந்தாரு. அது அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல காலியாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. காலையில ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோணல.

நான் போய் நின்னேன். அஞ்சு நிமிஷத்துல விஷயம் புரிஞ்சு போச்சு.

அப்பா செத்து மூணு வருஷம். அம்மா மாஃபி காலை நாலு மணிக்கே பாதாம் தொழிற்சாலைக்குப் போயிடுவா. வீட்ல லவினியாவும் ஆறு வயசுத் தங்கச்சி சிசிலியாவும்தான். லவினியாவோட பஸ் ஏழே முக்காலுக்கு வரும். சிசிலியாவோட ஆரம்பப் பள்ளி கேட்டு எட்டரைக்குத்தான் திறப்பாங்க. சிசிலியாவுக்குப் பஸ் கிடையாது. அஞ்சு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தாத்தான் பஸ்ஸாம். இவங்க வீடு நாலரை. அதனால லவினியா பஸ்ஸை விட்டுட்டு, தங்கச்சியைக் கையில பிடிச்சு ஒரு மணி நேரம் நடந்து கொண்டுபோய் விடுவா. அங்கேர்ந்து தன் பள்ளிக்கு நடந்து வந்து சேர மணி பத்தேகாலாயிடும். பத்துக்கு மேல வந்தா அன்னிக்கு வரலைன்னுதான் கணக்கு. ரெண்டு மாசம் நடந்து வந்து வரலைன்னு பேர் வாங்கினவ, அதுக்கப்புறம் நடக்கறதையே விட்டுட்டா. நானா இருந்தா ரெண்டாவது நாளே விட்டிருப்பேன்.

"ஏன்டி இதை யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"யாரும் கேக்கலையே மிஸ். உனக்கு எப்படித் தோணுதுன்னுதான் கேட்டாங்க"ன்னா.

மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடக் காரை எடுத்துக்கிட்டுப் போனேன். எட்டரைக்குச் சின்னதை இறக்கிவிட்டு, எட்டு அம்பதுக்குப் பெரியதை இறக்கிவிடுவேன். அவ்வளவுதான், வைத்தியம் முடிஞ்சது. ஆனா திட்டத்துல பிள்ளையைக் கார்ல கூட்டிட்டு வர்றதுக்கு இடமே இல்ல. அனுமதிச்ச உதவிகள்னு பதினோரு கட்டம் இருந்துச்சு, அதுல கார் இல்ல. 'ஊக்கச் சந்திப்பு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆக, தினமும் காலையில எழுதுவேன்: ஊக்கச் சந்திப்பு, இருபத்தஞ்சு நிமிஷம், மாணவி நல்ல ஒத்துழைப்பு. உண்மையில அந்த இருபத்தஞ்சு நிமிஷமும் சிசிலியா ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டைத் தப்புத் தப்பாப் பாடுவா, லவினியா என் பைல இருக்கற காகிதத்தையெல்லாம் எடுத்துப் படிப்பா. அவ கண்ணுக்கு எழுத்துன்னு ஒண்ணு பட்டா விடமாட்டா.

சின்னதுதான் முதல்ல என்னை அத்தைன்னு கூப்பிட்டுச்சு. அதைப் பார்த்துப் பெரியவளும் ஆரம்பிச்சா.

"அப்படிக் கூப்பிடாதீங்கடி"ன்னு அதட்டினேன். "அது லேசுப்பட்ட வார்த்தை இல்ல."

எங்க ஜனங்ககிட்ட அப்பாவோட அக்காதான் குடும்பத்துலயே பெரிய ஆளு. கல்யாணத்துல நல்ல பாய் அவளுக்கு, பன்றியில முதல் பங்கு அவளுக்கு. சாவு வீட்ல அவ சொன்னாத்தான் பெட்டியை மூடணும். அந்தப் பேரைச் சும்மா ரோட்ல போறவளுக்கு வைக்க மாட்டாங்க. ரெண்டும் கேக்கல. அத்தை அத்தைன்னே கூப்பிட்டுதுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

ரெண்டாம் பருவத்துல நாப்பத்தொண்ணு எண்பத்து நாலாச்சு. மண்டல அலுவலகத்து மார்கஸ் போன் பண்ணி, "லெசியெலி, அடுத்த பருவம் தொண்ணூறு தாண்டணும். இந்த வருஷம் மண்டலத்துலயே ஒரு வெற்றிகூட இல்ல. டிசம்பருக்குள்ள ஒண்ணாவது காட்டலைன்னா உங்க திட்டத்தை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க"ன்னாரு. நல்ல மனுஷன்தான். பிள்ளைங்களைப் பத்திப் பேசும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும், ஆனா ஒரு பிள்ளையோட பேரும் ஞாபகம் இருக்காது.

மூணாம் பருவம் தொடங்கின முதல் வாரமே லவினியா ஒரு வியாழக்கிழமை வரல. தலைவலின்னா. மூணாவது வாரம் வயித்துவலி. அஞ்சாவது வாரம் மறுபடி தலைவலி. எல்லாம் வியாழக்கிழமை. நான் கார்ல போய் நிப்பேன், சிசிலியா மட்டும் பையைத் தூக்கிட்டு ஓடிவந்து முன் சீட்ல ஏறப் பார்க்கும். திட்டத்துலயே இல்லாத பிள்ளையை மட்டும் கொண்டுபோய் விட்டுட்டு, 'ஊக்கச் சந்திப்பு, மாணவி வரவில்லை'ன்னு எழுதுவேன். ஏழாவது வாரமும் வியாழன் வந்துச்சு, தலைவலியும் வந்துச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. வண்டியை விட்டு இறங்கி நேரா உள்ளே போயிட்டேன்.

மகாராணி கட்டில்ல சாய்ஞ்சு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா.

"தலைவலிக்கு இதான் மருந்தா?"

முழிச்சா. அப்புறம் கணக்கு நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை நீட்டினா. பென்சில்ல ஒரே கணக்கு. பருவத்துக்கு அம்பத்தொரு நாள். ஆறு நாள் வரலைன்னா நாப்பத்தஞ்சு. எண்பத்தெட்டு புள்ளி ரெண்டு சதவீதம். அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டு, பக்கத்துல ஒரு சிரிக்கிற முகம்.

"தொண்ணூறு வந்தா உங்களை எடுத்துருவாங்க அத்தை. எண்பதுக்குக் கீழ போனா ஹெட்மிஸ்ட்ரெஸ் எங்க அம்மாவைக் கூப்பிடுவாங்க. எண்பத்தெட்டுதான் நல்ல இடம். நான் ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"உங்க பைல விதிப் புத்தகம் இருந்துச்சே. ஊக்கச் சந்திப்புல படிச்சேன்."

இதுல வேடிக்கை என்னன்னா, சதவீதப் பாடத்துல அவ பெயில். பரீட்சை வியாழக்கிழமை வச்சுட்டாங்க.

நான் என்ன சொல்லணும்? தினமும் பள்ளிக்கு வாடின்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். தினமும் வந்தா கார் நின்னுடும். கார் நின்னா பள்ளிக்கு வர முடியாது. பள்ளிக்கு வரணும்னா அப்பப்போ வராம இருக்கணும். இதை அறிக்கையில எழுதினா எனக்கே மனசுல என்ன சூடுன்னு அட்டை கொடுத்துருவாங்க. அவ நூடுல்ஸ்ல ரெண்டு வாய் நானும் எடுத்துச் சாப்பிட்டுட்டு, "தலைவலி போயிருச்சா பாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். வருகையைக் கூட்ட வச்ச ஆளே மட்டத்துக்கு உடந்தை. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, அந்தப் பிள்ளையை நெனச்சா பெருமையாவும் இருந்துச்சு.

ஒன்பதாவது வாரம் அஞ்சாவது மட்டம். பாக்கி ஒண்ணே ஒண்ணு, பதினோராவது வாரத்து வியாழன். புதன்கிழமை கார்ல சொன்னேன், "நாளைக்கு நான் வரமாட்டேன். எங்க எல்லாருக்கும் பெரிய ஊர்ல பயிற்சி."

"பரவாயில்ல அத்தை. நாளைக்கு என் தலைவலி நாள்தானே"ன்னு சிரிச்சா.

அங்கதான் கோட்டை விட்டேன். 'எங்க எல்லாருக்கும்'னா பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க அத்தனை பேருக்கும்னு அவளுக்கு விளங்கல. பிள்ளைங்களுக்கு அன்னிக்கு லீவுன்னு மாஃபியோட போனுக்குச் செய்தி போயிருக்கு. அவ தொழிற்சாலையில போனை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டணும். வியாழக்கிழமை காலையில லவினியா தங்கச்சியை ஒரு மணி நேரம் நடத்திக் கொண்டுபோய் விட்டுட்டு, வீட்டுக்கு வந்து, இல்லாத பள்ளிக்கூடத்துக்கு நிம்மதியா மட்டம் போட்டிருக்கா. அதே நேரம் நான் பெரிய ஊர்ல ஒரு மண்டபத்துல உக்காந்து மஃபின் தின்னுக்கிட்டு இருந்தேன். பயிற்சி எதைப் பத்தித் தெரியுமா? பிள்ளைங்களைப் பள்ளிக்கு வரவைக்கிறது எப்படின்னு.

வெள்ளிக்கிழமை பருவம் முடிஞ்சது. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல பலூன் பறந்துச்சு. நெசமாவே பலூன். வியாழன் லீவானதால அம்பத்தொரு நாள் அம்பதாச்சு, மட்டம் அஞ்சுதான், நாப்பத்தஞ்சு நாள் வருகை. சரியாத் தொண்ணூறு. 'வாழ்த்துகள்! இந்தக் கோப்பு வெற்றிகரமாக மூடப்பட்டது.' எனக்கு அந்தத் திரையை உடைக்கணும் போல இருந்துச்சு.

நாலாம் பருவம் முதல் நாள் பள்ளிக்கூட மண்டபத்துல கேக் வெட்டினாங்க. மார்கஸ் வந்திருந்தாரு. லவினியா கையில சான்றிதழைக் கொடுத்துட்டு மைக்கை நீட்டினாரு. "சொல்லும்மா, உனக்கு எது உதவியா இருந்துச்சு?"

"கார்"னா.

மார்கஸ் ஒரு நிமிஷம் தடுமாறிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரிச்சாரு. "பயணம்! தான் வந்த பயணத்தைத்தான் சொல்றா. எவ்வளவு அழகாச் சொல்றா பாருங்க!" கண் கலங்கிடுச்சு அவருக்கு. எல்லாரும் கை தட்டினாங்க. லவினியா என்னைப் பார்த்தா. நான் கேக்கைப் பார்த்தேன்.

அப்புறம் என் தோளைத் தட்டி, "எண்பத்தெட்டு ஊக்கச் சந்திப்பு! இதுதான் ரகசியம். பன்னெண்டு பள்ளிக்கூடத்துல இதையே கொண்டுவரப் போறோம். ஆளுக்கொரு அறை, ரெண்டு மெத்தை நாற்காலி"ன்னாரு.

"கார்?"னு கேட்டேன்.

"கார் எதுக்கு?"ன்னாரு.

அஞ்சு நாள் ஆச்சு, நிறுத்தினேன். பள்ளிக்கூடக் காருக்குள்ள ஒரு கருவி இருக்கு, சக்கரம் எங்க உருண்டாலும் மண்டலத்துக்குத் தெரிஞ்சுடும். சொந்தக் கார்ல ஏத்தலாம்னா, பணியாளர்கள் மாணவர்களைச் சொந்த வண்டியில ஏத்தக் கூடாது, உறவினர்களைத் தவிரன்னு அதுக்கும் ஒரு விதி. ரெண்டாவது வாரம் லவினியா நடந்து வந்தா. பத்தேகாலுக்கு வேர்த்து விறுவிறுத்து வாசல்ல நின்னா, வரலைன்னு போட்டாங்க. மூணாவது வாரம் வெயில் முப்பத்தெட்டைத் தொட்டுச்சு. அவ வரவே இல்ல. மறுபடி பட்டியல்ல ஏத்தலாம்னா, பருவம் முழுக்க எண்பதுக்குக் கீழ இருக்கணும். அது டிசம்பர் கடைசியிலதான் தெரியும். அப்போ பள்ளிக்கூடமே கிடையாது.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வெளியில வந்தப்போ மாஃபி என்னைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, பிள்ளை உங்க மேல கோவமா இருக்கா. சொல்ல மாட்டேங்கறா, ஆனா இருக்கா."

"இருக்கட்டும். எனக்கே என் மேல கோவமாத்தான் இருக்கு. நான் என்ன பண்றது மாஃபி? உறவுக்காரங்களா இருந்தாத்தான் கார்ல ஏத்தலாமாம்."

"ஓ"ன்னா. செருப்பு நுனியால தரையைக் கீறிக்கிட்டு நின்னா.

செவ்வாய்க்கிழமை ஹெட்மிஸ்ட்ரெஸ் ஜனீன் என்னைக் கூப்பிட்டா. மேஜை மேல ஒரு படிவம். பிள்ளையைக் கூட்டிட்டு வர, கூட்டிட்டுப் போக அனுமதி பெற்றவர்: லெசியெலி. மாணவிக்கு என்ன உறவு: அப்பாவின் அக்கா. நீல மையில, அழுத்தி எழுதியிருந்தா மாஃபி. காகிதத்து ஓரத்துல பாதாம் தூசி.

"வேலைக்கு நடுவுல, தலைமுடிக்குப் போட்டிருந்த வலையைக்கூடக் கழட்டாம வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போனா"ன்னா ஜனீன். "இது நெசமா?" குரலைத் தாழ்த்திக்கிட்டா. "யோசிச்சு சொல்லு லெசியெலி. இல்லைன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். ஆமான்னா, சொந்தக்காரப் பிள்ளையோட கோப்பை நீ வச்சிருந்தது விதிமீறல். உன் வேலையும் போகும், அந்த வெற்றியும் போகும்."

மாஃபிக்குப் போன் போடணும்னு வெளியில வந்தேன். அவளே இடைவேளையில கூப்பிட்டுட்டா.

"என்னடி எழுதி வச்சிருக்கே?"

"பொய் ஒண்ணும் எழுதல. அவரோட அக்காகிட்ட டோங்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். இந்தக் கரையில என் இடத்துல அவளே இருக்கட்டும், நான் கொடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்க. பாயும் அனுப்பறாங்களாம்." கொஞ்சம் நிறுத்திட்டுச் சொன்னா, "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா விட்டுடுங்க, அண்ணி."

அதுவரைக்கும் அக்கா. அன்னிக்குத்தான் அண்ணி, புருஷனோட அக்காவைக் கூப்பிடற பேரு. இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு நாதி கிடையாது. ஒரு படிவத்துல, ஒரு கோட்டு மேல, வந்து சேர்ந்துருச்சு.

உள்ளே போய் ஜனீன்கிட்டச் சொன்னேன். "ஆமா. என் தம்பி மகதான்."

"உனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சேன்"ன்னா.

"செத்துட்டான்"னேன். அதுவும் பொய் இல்ல.

பத்து நாள்ல என் அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. லவினியாவோட வெற்றி செல்லாதுன்னு கடிதம் வந்துச்சு. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவளுக்கும் ஒண்ணு வந்துச்சு. சான்றிதழோட பின்பக்கத்துல அவ கணக்குப் போட்டிருந்ததால கொடுக்கல. வெற்றி செல்லாததுனால கோப்பை மறுபடி திறந்தாங்க. நான் பாதாம் தொழிற்சாலையில மதிய ஷிப்டுக்குச் சேர்ந்துட்டேன். காலையில என் பழைய கார்ல ரெண்டு பிள்ளைங்களையும் கொண்டுபோய் விடறேன். எட்டு அம்பதுக்கு. லவினியா அதுக்கப்புறம் ஒரு நாள்கூட மட்டம் போடல.

போன வியாழன் என்னைக் குடும்பத்து ஆளாக் கூப்பிட்டிருந்தாங்க. என் பழைய அறைதான். ரெண்டு மெத்தை நாற்காலி வந்திருந்துச்சு. புதுசா வந்த சமூகப் பணியாளர் ப்ரோடி, இருபத்து மூணு வயசு இருக்கும், கன்னத்துல பருகூடப் போகல. கணக்கு வகுப்புலேர்ந்து லவினியாவைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருந்தாரு. சதவீதப் பாடமாம். அந்த வகுப்புக்கு அவ வரலைன்னு விழும். அவருக்கு அது தெரியாது, எனக்கும் லவினியாவுக்கும் தெரியும். அவ என்னைப் பார்த்துக் கண்ணடிச்சா.

ப்ரோடி திட்டப் படிவத்தோட நாலாவது பக்கத்தைத் திருப்பினாரு. எனக்கு அது மனப்பாடம். "இவ பள்ளிக்கு வர்றதுக்கு வீட்ல என்ன மாதிரி உதவி கிடைக்குது?"

"காலையில கார்ல கொண்டுவந்து விடறேன்."

மேலேர்ந்து கீழே பதினோரு கட்டத்தையும் பேனா முனையால தேடினாரு. பாவம், காது சிவந்து போச்சு. "மன்னிச்சுக்குங்க. கார்னு ஒரு கட்டம் இதுல இல்லையே."

"ஊக்கச் சந்திப்புன்னு போட்டுக்கோங்க தம்பி"ன்னேன். "இருபத்தஞ்சு நிமிஷம்."

எழுதிக்கிட்டாரு. "நடத்தறது யாருன்னு போடட்டும்?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள லவினியா சொல்லிட்டா. "அத்தை."